தண்டலின் கை

ஹாம்பர்க்கில் காலையானாலும் மாலையானாலும் "மொயின்" என்ற ஒரே சொல்லில் வணக்கத்தை முடித்துவிடுகிறார்கள். பதில் சொல்வதற்குள் ஆள் லிஃப்ட்டை விட்டுப் போயிருப்பார். இத்தனை சிக்கனமாகப் பேசுகிற ஊரில்தான், அப்பாவுக்குப் பேச்சு குறைந்துவிட்டதென்று, செவ்வாய்தோறும் 'லோகோபேடி' என்கிற பேச்சுப் பயிற்சிக்கு அவரை அழைத்துப்போனேன்.

அப்பா தூத்துக்குடியில் தண்டல். சரக்குத் தோணியை நடத்துகிறவர். அம்மா போனபிறகு நான்தான் இங்கே கூட்டிவந்தேன். வந்த இடத்தில் சொற்கள் நழுவத் தொடங்கின. உப்பளங்களுக்கு நடுவே வளர்ந்த மனிதர், "அது... வெள்ளயா, சோத்துல போடுவமே" என்று உப்பைக் கேட்டார். ஆனால் ஊருக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். எனக்கோ விட மனமில்லை. 'சுயமாக முடிவெடுக்க இயலாதவர்' என்று பயிற்சியாளர் ஒரு தாளை நிரப்பித் தந்தால், அவருக்கான முடிவை நானே எடுக்க வழி பிறக்கும். அந்தத் தாளைக் கைப்பையில் வைத்திருந்தேன். சொல்ல வெட்கம்தான்.

ஒரு செவ்வாயன்று, பயிற்சியாளரான அந்தப் பெண் நங்கூரப் படத்தைக் காட்டினாள். நல்லவள்; கடல்காரருக்கென்றே தேடி எடுத்திருந்தாள். அப்பாவின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. சட்டென்று வலது கையை உயர்த்தி, விரல்களைக் கொக்கியாக மடக்கிக் கீழே இறக்கினார்.

"களைத்துவிட்டாரா?" என்றாள்.

"இல்லை. நங்கூரத்தை இறக்கச் சொல்கிறார்."

"பெயர்தான் வேண்டும்" என்று பூஜ்யம் போட்டாள்.

பெயராம்! காற்றும் எஞ்சினும் கத்துகிற தோணியில் பெயரை யார் கேட்டார்கள்? பழைய துறைமுகத்தில் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறேன். அப்பாவின் விரல் அசைந்தால் பாய் இறங்கும். உள்ளங்கை விரிந்தால் அத்தனை ஆட்களும் அப்படியே நிற்பார்கள். வாயைத் திறந்தால் ஏச்சு மட்டும்தான் வரும். அவரிடம் போய் ஒரு வருடமாக நான் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

படங்களை ஒதுக்கிவிட்டுக் கேட்டேன்: "அப்பா, இங்கனயா, ஊருக்கா?"

"ஏளா..." என்று என்னைக் கூப்பிட்டார். மிச்சம் வரவில்லை. இல்லாத கயிறொன்றின் முடிச்சை இரு கைகளாலும் அவிழ்த்து என் பக்கம் எறிந்தார். கரையை விடு. ஐயத்துக்கே இடமில்லாத உத்தரவு.

தாளை அவள் மேசையிலேயே நாலாகக் கிழித்தேன்.

"மதிப்பீடு முடியவில்லையே!"

"முடிந்துவிட்டது. அவர் முடிவெடுத்துவிட்டார்."

பெற்றோரைக் கூட்டிவந்து கூடவே வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். சொல் தொலைந்தவருக்கு விருப்பமும் தொலைந்தது என்று எவர் எழுதி நீட்டினாலும், எந்த மொழியில் நீட்டினாலும், என் கையெழுத்து கிடையாது.

இப்போது அப்பா தூத்துக்குடியில், சித்தப்பா வீட்டில். வீடியோவில் அழைத்தால் பழைய தோணிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, "தண்டல் ஏசாம இருக்குறது இப்பதாம்லே!" என்று கூவுகிறார்கள். அப்பா அடிக்கக் கை ஓங்குவார், சிரிப்பு வெடிக்கும். பிறகு போனைக் கடல் பக்கம் திருப்புவார். அவர் கை அசைவுக்கேற்பக் கடல் மொத்தமும் சாய்ந்து சாய்ந்து எழும். திரையின் மூலையில், என்னைக் காட்டும் நகமளவு கட்டத்துக்குள், பின்னால் ஹாம்பர்க்கின் எல்பே நதி மழையில் நனைய, கம்பளி போர்த்திய ஒருத்தி ஆடாமல் இருக்கிறாள்.