தோட்டா பார்த்த படலம்

துணிக்கடையில் புடவையாக எடுத்துப் போட்டு, "வேற காட்டுங்க" என்பதைக் கேட்டுக் கேட்டே இடுப்பொடிந்தவர்களுக்கு என் கஷ்டம் சட்டென்று புரியும். நான் எடுத்துப் போட்டது தோட்டா, அவ்வளவுதான் வித்தியாசம்.

அமீரகத்தில், அல் ஐன் ஊரில் ஒரு வேட்டைச் சாமான் கடை. கூடாரம், பைனாகுலர், ராஜாளிக்குக் கண்மூடி, உள்ளே பூட்டிய கண்ணாடி அலமாரியில் துப்பாக்கிகள். ஊருக்குப் பேச காலிங் கார்டைச் சுரண்டிக்கொண்டிருந்த காலம். நான் கீழக்கரைக்காரன். எங்கள் வீட்டில் எலிப்பொறிகூட வைத்ததில்லை. என்னை எதற்குத் துப்பாக்கிப் பிரிவில் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். இங்கிலீஷில் ஃபேக்ஸ் எழுதத் தெரியும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், போதாதா?

மச்சான் அளவு

ஆர்டர் கொடுத்துச் செய்யும் துப்பாக்கியில் முதலில் முடிவாக வேண்டியது தோட்டா. அது தெரிந்தால்தான் ஆஸ்திரியாவில் இருக்கும் துப்பாக்கிக்காரர் குழலையே தொடுவார். சின்னத் தோட்டா என்றால் தோள் தப்பிக்கும், பெரிய மிருகம் விழாது. பெரிய தோட்டா என்றால் மிருகம் விழும், சில சமயம் சுட்டவரும் விழுவார். அதனால் எந்த நாட்டில், எதை, எவ்வளவு தூரத்திலிருந்து சுடப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நாங்கள் தோட்டாவையே எடுத்துக் காட்டுவோம்.

ஒரு வாலிபர் வந்தார். மூன்றையும் கேட்டேன். மேஜையில் இருந்த மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களை வரிசையாக நிற்கவைத்து, ஸ்கூலில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவது மாதிரி பார்த்தார். மான் வேட்டைக்கு இது ரொம்ப அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பெரியதைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "எனக்கு மான் முக்கியமில்லை. மச்சான் வச்சிருக்கிறதைவிட இது பெரிசா, அதைச் சொல்லு."

அபு காலித் தோள்

அந்த வாலிபராவது ஒரே நாளில் முடித்துக்கொண்டு போனார். அபு காலித் அப்படியில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனுஷர், கடைக்கு வந்தால் எனக்கும் சேர்த்து டீ சொல்லுவார். மலைநாட்டில் காட்டாடு வேட்டைக்குப் போக ஒரு துப்பாக்கி வேண்டும் என்றார். தூரத்திலிருந்து சுட வேண்டிய மிருகம். அதற்கு முந்நூறு மேக்னம் என்ற தோட்டா பொருத்தம் என்றேன். சரி என்றார். நானும் சந்தோஷமாக ஃபேக்ஸ் எழுதினேன்.

மறுநாள் வந்து, அதைவிடச் சின்ன ஏழு மில்லி போதும், சத்தம் கம்மி என்றார். அடுத்த வாரம், ஆப்பிரிக்காவில் காட்டெருமையும் சுடலாமே, எல்லாவற்றிலும் பெரிய முந்நூற்று எழுபத்தஞ்சு போட்டால் என்ன என்றார். சரி, சுட்டே பாருங்கள் என்று பயிற்சித் திடலுக்குக் கூட்டிப் போனோம். ஒரு வெடிதான். தலைத்துணி ஒரு பக்கம், அதன்மேல் மாட்டும் கறுப்பு வளையம் ஒரு பக்கம். தோளைத் தடவிக்கொண்டே துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்: "இதை எருமை கையில கொடு. அது என்னைச் சுட்டா சரியா இருக்கும்."

லீவு மாஃபி

இதற்கிடையில் ஊரில் எனக்கு நிக்காஹ் தேதி குறித்துவிட்டார்கள். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. லீவுக்கு முதலாளியிடம் போனேன். மாஃபி, இல்லை என்றார். அபு காலித் ஆர்டர் முடியாமல் நீ எப்படிப் போவாய், ஃபேக்ஸ் யார் எழுதுவது, தோட்டா முடிவாகி கலாஸ் ஆனால் அன்றைக்கே டிக்கெட் என்று சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் அவர் பெட்டியில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மனுஷருடைய காட்டாட்டுக்காக என் கல்யாணம் நிற்கும் என்று யாராவது நினைத்திருப்பார்களா?

உம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கார்டில் காசு கரையக் கரைய, ஏழு மில்லியிலிருந்து எருமைவரை எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு கேட்டார்: "ஒரு குண்டு பார்க்க இம்புட்டு நாளா வாப்பா? உனக்குப் பொண்ணையே ஒரே உட்காரலில் பார்த்து முடிச்சோமே."

மஜ்லிஸில் நடப்பது

அபு காலித் வீட்டில் காவா என்கிற அரபிக் காப்பி ஊற்றும் வேலை பார்த்தவர் முருகேசன், பரமக்குடிப் பக்கம். வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் பார்த்து, உங்கள் அர்பாப் ஏன் இப்படி மனசு மாறுகிறார், என் கல்யாணமே நிற்கிறதே என்று ஆற்றாமையாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

சாயந்திரம் மஜ்லிஸில், அதாவது வரவேற்பறையில், விருந்தாளிகள் கூடினால், பேரீச்சம்பழத் தட்டோடு அபு காலிதிடம் நான் பார்க்கக் கொடுத்த டம்மித் தோட்டாக்களும் சுற்றி வருமாம். ஆளுக்கொரு யோசனை. யாரையும் மறுத்துப் பேசுவது அபு காலிதுக்கு வழக்கமில்லை. கடைசியில் முருகேசன் கனல் போட்ட தூபக்காலில் சாம்பிராணி கொண்டுவருவார். அவர்கள் பகூர் என்பது. அது ஒரு சுற்று வந்துவிட்டால் அப்புறம் யாரும் உட்காரக் கூடாது, எழுந்து கிளம்ப வேண்டியதுதான். "பாய், சாம்பிராணிக்கு முந்தி கடைசியா யார் வாயத் திறந்தாரோ, அவர் சொன்னதுதான் மறுநாள் உங்களுக்குத் தோட்டா."

கனல்

நான் முருகேசனைப் பார்த்தேன். முருகேசன் என்னைப் பார்த்தார். யாராவது முந்நூறு மேக்னம் என்றதும் அவர் கனலோடு உள்ளே வந்துவிடுவது என்று ஏற்பாடு.

மறுநாள் சாயந்திரம் புது கேட்லாக்கைக் காட்டும் சாக்கில் மஜ்லிஸுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். ஒருவர் ஏழு மில்லி என்றார், ஒருவர் முந்நூற்று எழுபத்தஞ்சு என்றார். நல்ல வேளை, மலையில் வேட்டையாடிப் பழகிய ஒரு பெரியவர், தூரத்து ஆட்டுக்கு முந்நூறு மேக்னம்தான் என்றார். அல்ஹம்துலில்லாஹ். வாசலைப் பார்த்தேன். முருகேசன் வரவில்லை. கனல் பிடிக்கவில்லை! கதவுக்குப் பின்னால் அவர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். இங்கே ஏழு மில்லிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கப் போனார். அவர் "ஆனால்" என்றதும் முருகேசன் ஓடி வந்து தூபக்காலை நேராக அவர் தாடிக்குக் கீழே பிடித்தார். வந்த புகையில் மனுஷர் இருமி, தாடியை நீவி, சம்பிரதாயப்படி எழுந்துவிட்டார். கூடவே எல்லோரும் எழுந்தார்கள்.

"கலாஸ், முந்நூறு மேக்னம்" என்றார் அபு காலித். எனக்கு அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அவர் என்னோடு வாசல்வரை வந்தார். உள்ளே போய் ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். திறந்தால் அகில் கட்டை, நல்ல உயர்ந்த சரக்கு. பின்னால் முருகேசன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அபு காலித் முகத்தில் சிரிப்பே இல்லை: "இன்னைக்கு பகூர் சீக்கிரம் வந்துடுச்சு. உன் கல்யாணத்திலயும் இதைப் போடு, விருந்தாளிங்க நேரத்தோட கிளம்பிடுவாங்க."

கீழக்கரையில் அதைப் போட்டோம். ஒருத்தர்கூடக் கிளம்பவில்லை, வாசம் பிடித்து அடுத்த தெருவிலிருந்தும் வந்து உட்கார்ந்தார்கள். திரும்பி வந்தபோது அபு காலித் அந்தத் துப்பாக்கிக்கு எந்த டெலஸ்கோப் பொருத்தலாம் என்று மஜ்லிஸில் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேட்டைத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா நல்லது என்று இப்போதும் யாராவது கேட்டால், உங்கள் வீட்டில் சாம்பிராணி போடுவது யார் என்றுதான் நான் முதலில் விசாரிக்கிறேன்.