வாய் பூட்டிய ஆறு வாரம்

மலர்க்கொடி திருவண்ணாமலைக்குப் பக்கத்து அடி அண்ணாமலை ஊர்க்காரி. செங்கம் சாலையில் ஒரு விடுதியில் சமையல் வேலை. ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் அவள் தாடை எலும்பு முறிந்தது. டாக்டர் மேல்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் வாயைத் திறக்கவே முடியாது என்றார். சாப்பாடு அரிசிக் கஞ்சி மட்டும்தான், அதுவும் ஸ்ட்ராவில். கொட்டாவி வந்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. பேச வந்ததெல்லாம் பல்லுக்குள்ளேயே நின்றுபோனது.

மூன்றாம் வாரம் கஞ்சியைத் தள்ளிவிட்டு, போனில் எழுதி நர்ஸ் அருணாதேவியிடம் காட்டினாள்: "ருசியே இல்ல. வேணாம்."

"உடனே முழுங்கிடுறீங்கக்கா, அதான். கொஞ்ச நேரம் வாயிலயே வெச்சிருங்க. எச்சில் பட்டா கஞ்சியில இருக்கிற மாவுச்சத்து அங்கயே சர்க்கரையா மாற ஆரம்பிச்சிடும்."

நம்பாமல்தான் ஒரு வாய் உறிஞ்சி வைத்திருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கில் லேசாக ஓர் இனிப்பு தட்டியது. அசைக்க முடியாத அந்த வாய்க்குள்ளும் எச்சில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த டம்ளரைக் குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

கம்பியை எடுத்த அன்று வாய் ஒரு விரல் அளவுக்கே திறந்தது.

"இன்னும் ஒரு மாசம் பயிற்சி செய்யணும்" என்றார் டாக்டர்.

மலர்க்கொடி தலையசைத்தாள்.