புளிப்பு வேறு, புளித்துப்போனது வேறு

கிளாறிஸ் மேசையில் வைத்த போத்தலைப் பார்த்ததும் சம்பந்தியாகப் போகிற கிளரன்ஸின் முகம் மாறியது. கல்யாண வைன் என்றால் கறுப்பாக, சீனிப்பாணிபோல இறங்க வேண்டும். இதுவோ மெல்லிய சிவப்பு. போத்தலுக்குப் பின்னால் யன்னல் கம்பிகள்கூடத் தெரிந்தன.

"இது வைனா, சர்பத்தா?"

"குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க அண்ணன்."

மாதிரி காட்டக் கொண்டுவந்த கல்யாணக் கேக்கில் ஒரு துண்டை அவர் மென்றார். பிறகு ஒரு மிடறு குடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"புளிச்சுப்போச்சு கிளாறிஸ்."

"புளிச்சுப்போகல்ல. புளிப்பு."

"ரெண்டும் ஒண்டுதானேகா."

"ஒண்டில்ல. புளிச்சுப்போறது தானா நடக்கிறது. புளிப்பு நான் வச்சது."

கிளாறிஸின் ஒரே மகள் மெலிண்டாவை கிளரன்ஸின் மகன் அஷ்லி கைப்பிடிக்கப் போகிறான். நாட்டில் சண்டை முடிந்த மறு வருட ஜனவரி. அவர்களுடைய பறங்கிக் குடும்பங்களில் மணமக்களை வாழ்த்திக் குடிக்கும் வைன் பெண் வீட்டிலிருந்து வர வேண்டும். கிளரன்ஸ் வேண்டாமென்றால் கடைப் போத்தல் வரும். கிளாறிஸின் வைன் வீட்டிலேயே கிடக்கும்.

அவள் தையற்காரி. டச்பார் கடற்கரையில் குடியிருந்த காலத்தில் வைன் போடுவது புருசனின் வேலை. திராட்சை வத்தலும் அள்ளி அள்ளிச் சீனியும். 2004 நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் அவரையும் வீட்டையும் ஜாடியையும் கொண்டுபோயிற்று. முகாமில், யாரோ தைத்த உடுப்பை அந்தத் தையற்காரி உடுத்தினாள். துக்கக் கறுப்பைக் கழற்றாதே என்றார்கள். வருடம் திரும்பியதும் கழற்றினாள். அவுஸ்திரேலியாவுக்குத் தம்பியிடம் போ என்றார்கள், போகவில்லை.

அடுத்த ஆடியில் முகாமுக்குப் பின்னால் நாவல் பழுத்துக் கொட்டியது. நிவாரணச் சீனியில் மிஞ்சியதைப் போட்டு ஒரு வாளியில் ஊறவைத்தாள். சீனி போதவில்லை. இனிப்பு முழுவதும் நொதித்துத் தீர்ந்து புளிப்பு மட்டும் நின்றது. குடித்தபோது நாக்கின் இரு கரையிலும் எச்சில் ஊறியது. கடலுக்குப் பிறகு தன் வாய்க்கு ஒன்று பிடித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு சீனி தாராளமாகக் கிடைத்தது. அவள் கூட்டவில்லை. துவர்ப்பு ஏறாமலிருக்க இரண்டாம் நாளே தோலை வடித்துவிடப் பழகினாள். சண்டையில் வாகரைச் சனம் ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்த வருடத்திலும் அவள் ஜாடி நிறைந்தது.

"கொஞ்சம் சீனியைக் கரைச்சு ஊத்தினா அலுவல் முடிஞ்சுது," என்றார் கிளரன்ஸ்.

"ஊத்தினா திரும்ப நுரைச்சுப் போத்தல் வெடிக்கும். வெடிக்காட்டியும் ஊத்த விடமாட்டன்."

மெலிண்டா நண்டுக்கறியோடு வந்தாள். "மம்மி, கல்யாணத்துக்கு முதலே என்னை வாழாவெட்டி ஆக்காதீங்க. மாமா, சாப்பிடுங்க."

கிளாறிஸ் கேக்கைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

கறி நல்ல உறைப்பு. கிளரன்ஸ் ஒரு காலைக் கடித்து உறிஞ்சினார். மூக்கில் நீர் வழிந்தது. அவசரத்துக்குக் கையில் அகப்பட்டது வைன்தான். குடித்தார். கிளாஸைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு மிடறு. இம்முறை கண் மூடவில்லை.

"நண்டோட சரிதான். ஆனா சனம் இனிப்புக் கேக்கோடதானே குடிக்கும்?"

"அப்ப முதல்ல சாப்பாடு, வைன். கேக்கைப் பிந்தி வெட்டுவம்."

"எங்கட ஆக்கள்ல ஆரும் அப்பிடிச் செய்யல்ல."

"செய்தா என்ன, கடல் இன்னொருக்கா வருமா?"

அந்த அலையில் கிளரன்ஸும் ஒரு மகளைப் பறிகொடுத்தவர். கையிலிருந்த நண்டுக்காலைக் கீழே வைத்தார். பிறகு கிளாஸை கிளாறிஸ் பக்கம் தள்ளினார்.

"ஊத்துகா. கடைப் போத்தலை நான் வாங்கல்ல."

கல்யாணத்தன்று புளியந்தீவு மண்டபத்தில் கேக் மூடியபடி காத்திருந்தது. கறி வழிந்த விரல்களோடு கிளரன்ஸ் எழும்பி மணமக்களை வாழ்த்தினார். எல்லோரும் குடித்தார்கள். பின் வரிசையில் ஒரு கிழவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, புளிக்குது!"

கிளாறிஸ் போத்தலோடு அவரிடம் போனாள்.

"ஓம், புளிக்கும். கிளாஸை நீட்டுங்க."