நடு விழுந்த டேப்

ஜெர்மனியின் எசன் நகரில் பழைய கலியாண வீடியோக்களையும் கசெட்டுகளையும் டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுக்கும் கடையொன்றில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு நாள் என் புத்தி வேலை செய்யவில்லை.

அன்று மன்ஃப்ரெட் என்ற முதியவர் தட்டையான அட்டைப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். இளமையில் ஒரு ராக் குழுவில் ஓர்கன் வாசித்தவர். குழு போட்டது ஒரேயொரு அல்பம். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மற்ற மூவரும் இப்போது உயிரோடு இல்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு சிறிய நிறுவனம் அதை மறுபதிப்புச் செய்ய முன்வந்திருந்தது. பெட்டிக்குள் இருந்தது அந்த அல்பத்தின் மூலப் பதிவான மாஸ்டர் டேப். டேப்பாக வேறு பிரதி இல்லை.

அவர் கோப்பி குடிக்கப் போனதும் திறந்தேன். ஜெர்மன் ஸ்டூடியோக்களில் பக்கத்தட்டு இல்லாமல், நடுவில் ஓர் உலோக வளையத்தில் மட்டும் டேப்பைச் சுற்றி வைப்பார்கள். எங்கள் கடைக்கு அப்படியொன்று வந்ததேயில்லை; எனக்கு அது தெரியாது. வழக்கமான ரீல் என்று நினைத்து விளிம்பில் பிடித்துத் தூக்கினேன். வளையம் கழன்று மேசையில் விழுந்தது. பின்னாலேயே டேப்பும் சரசரவென்று இறங்கியது.

முதலாளி சிவா அண்ணை ஓடி வந்தார். "அசையாதை பிள்ளை! அப்பிடியே பிடி." அடியில் ஒரு பலகையை நுழைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வரேக்கையே இப்பிடித்தான் இருந்தது எண்டு சொல்லுவம்," என்றார்.

"ஏலாது அண்ணை. அந்த மனுசனிட்ட மிஞ்சினது இது மட்டும்தான்."

மன்ஃப்ரெட் வந்ததும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் பிடிக்கிறேன், நீங்கள் சுற்றுங்கள்," என்று ஜெர்மனில் சொன்னார். மூன்று மணித்தியாலம் ஒவ்வொரு சுற்றாக உள்ளே தள்ளினேன்.

டேப் ஓடியது. கடைசிப் பாட்டில், அவருடைய ஓர்கன் தனியாக வரும் இடத்தில், ஒரு கசங்கல். இரண்டு செக்கனுக்குச் சத்தம் அமுங்கிப்போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் தன்னிடமிருந்த தேய்ந்த இசைத்தட்டைக் கொண்டுவந்தார். அந்த இரண்டு செக்கனை அதிலிருந்து எடுத்து ஒட்டினோம்; இசைத்தட்டின் கீறல் சத்தமும் கூடவே வந்தது. பரவாயில்லை என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மறுபதிப்பு வந்தபோது ஒன்று எனக்குத் தபாலில் வந்தது. உள்ளே, வாசித்த நால்வரின் பெயர்களுக்குக் கீழே, "கடைசிப் பாட்டில் இரண்டு செக்கன் கீறல்: சுகந்தி" என்று என் பெயரையும் அச்சிட்டிருந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதலில் அந்தக் கீறலைத்தான் போட்டுக் காட்டுவேன். பிறகு சொல்வேன்: டேப்பை அடியில் தட்டு வைத்துத் தூக்குங்கள். விழுத்திவிட்டால், கொண்டுவந்தவர் கோப்பி குடித்து வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள். பிடிக்க இன்னும் இரண்டு கை கிடைக்கும்.