ஏதென்ஸ் வரி

2014 நவம்பர் 6, வியாழன். வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து, சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டாயிற்று. இப்போது டீட்டிகோன் ரயில் நிலையத்தில் சூரிச் வண்டிக்காக நிற்கிறேன். பழைய ஏதென்ஸின் குடியாட்சி பற்றி நாளை மாலை பேசவேண்டிய மண்டபத்தை இன்றே பார்த்துவிட வேண்டும். கால் ஓரிடத்தில் தங்கவில்லை. பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே உரையைப் படிக்கிறேன்.

கூட வருகிறார் சுகந்தி. நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார நண்பரின் மனைவி, முதியோர் இல்லத்தில் செவிலியர். சுவிஸ் குடியுரிமைக்காக நாளை அவருக்கு நேர்காணல்.

“அண்ணை, ஏன் இந்த நாட்டுப் பிரசையாக விரும்புறீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்ல? உங்கட கிரேக்கர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

எனக்கு மிகவும் பிடித்த வரியை எடுத்து வாசிக்கிறேன்: “பொதுக் காரியங்களிலிருந்து ஒதுங்கியவரை ஏதென்ஸ் பயனற்றவர் என்றது.”

அவர் சிரிக்கிறார். “வருசக்கணக்கா வரி கட்டுறன், வோட் இல்லை. அப்ப நான் பயனில்லாத ஆளோ? நான் ஒதுங்கேல்லை அண்ணை, ஒதுக்கி வச்சிருக்கினம்.”

ஏதென்ஸில் குடியிருந்த வெளியூராரும் வரி கட்டினார்கள், போருக்கும் போனார்கள், வாக்கு மட்டும் இல்லை. இது எனக்குத் தெரியும். உரையில்தான் இல்லை. வண்டியில் இடம் இருந்தும் சூரிச் வரை நின்றுகொண்டே போகிறேன்.

மறுநாள் காலை, தேநீருக்கும் முன்பாக, சுகந்தி சொன்னதை உரையின் முதல் வரியாக எழுதுகிறேன். அடுத்த அறையில் அவர் கணவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்: “ஒதுக்கி வச்சிருக்கிறியள் எண்டு அங்கை சொல்லலாமோ?”