முப்பதாம் நாளுக்கு வந்த வண்டிகள்

என் கணவர் சித்திரை மாதத்தில் இறந்தார். கொடைக்கானலில் அது சீசன். மருத்துவமனையிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், ஏரிச் சாலையில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நின்றது. நான் உள்ளே அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு குடும்பம் சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தது. இனி என்ன அவசரம் என்று டிரைவரும் சைரனைப் போடவில்லை.

அவர் இங்கே ஒரு மிஷன் பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். நான் அதே பள்ளியின் நூலகத்தில் வேலை பார்த்தேன். ஆண்டு விழா, விளையாட்டு விழா, பழைய மாணவர் சந்திப்பு என்று பள்ளியில் எது நடந்தாலும் ஏற்பாடு அவர் கையில்தான் இருக்கும். கடைசிப் பத்தாண்டுகளாக அந்த வேலையை வேறு மாதிரி செய்ய ஆரம்பித்திருந்தார். அழைப்பிதழோடு ஒரு துண்டுச் சீட்டும் போகும்: எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எதில் வருகிறீர்கள்? பதில்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து, யார் யாரோடு ஒரே வண்டியில் வரலாம் என்று பார்த்து அவர்களுக்குப் போன் போடுவார். முகம் தெரியாத இரண்டு பேர் திண்டுக்கல்லிலிருந்து ஒரே காரில் வந்து, இறங்கும்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்ததும் உண்டு. ஜெனரேட்டர் தேவைப்படக் கூடாது என்பதற்காகவே விழாக்களைப் பகலில் வைத்தார். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர், மேடைக்குத் துணியில் எழுதிய பெயர்ப் பலகை. ஆனால் அதையெல்லாம் அவர் பெரிதாகப் பேச மாட்டார். "டம்ளரு, தட்டு எல்லாம் நம்ம மனசு ஆறுறதுக்கு. ஒரு விழாவுல வர்ற புகையில பெரும்பங்கு ஆளுக வந்துபோற வண்டிதான்" என்பார். பிள்ளைகள் அவருக்குக் கார்பன் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஒருமுறை கன்னிவாடியில் உறவில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரும் மலையேறி வர வேணாம். கீழ உள்ளவங்க கீழயே ஒரு பூசை வச்சுக்கட்டும்" என்றார். "பஸ்ல உக்காந்து பேசுற பேச்சா இது" என்று அதட்டினேன். அவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அடக்கம் செய்த அன்று எனக்கு எதுவும் நினைவில் இல்லை. யார் வந்தார்கள், எதில் வந்தார்கள் என்றும் தெரியாது. மாதா கோயிலில் வைக்கும் முப்பதாம் நாள் பூசைக்கு மட்டும் என் கையில் அவகாசம் இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளும் விடுப்பு போட்டுவிட்டு என்னோடு இருந்தாள். அப்பா சொன்னபடியே செய்துவிடலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். உள்ளூர்க்காரர்களுக்கும், அவர் மரம் நட்ட கூக்கால் ஊர்க்காரர்களுக்கும் இங்கே ஒரு பூசை. கீழே இருக்கும் சொந்தங்களுக்குக் கன்னிவாடியில் ஒரு பூசை. அங்கே அவருடைய தம்பி விவசாயம் பார்க்கிறார். அவருக்கு நானே போன் செய்தேன்.

"தம்பி, கீழ உள்ளவங்களுக்கு உங்க ஊர்க் கோயில்லயே ஒரு பூசை வச்சிருவமா? நானும் பாப்பாவும் பஸ்ல எறங்கி வந்துர்றோம். நூறு பேரு ஏறுறதுக்கு ரெண்டு பேரு எறங்குறது தேவலை."



"மதினி, எங்கண்ணன் அங்கனதான கெடக்காரு? நான் இங்கன எதுக்கு முன்னாடி போயி நிக்கிறது?"

"அவருதான் அப்பிடிச் சொன்னாரு தம்பி."

"சொல்லிருப்பாரு மதினி. அவரு எல்லாத்தையும் யோசிச்சுச் சொல்லிருவாரு. அழுகுறது நாங்கதான."

கீழே ஒரு பூசை என்ற பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

சரி, வருகிறவர்கள் சேர்ந்தாவது வரட்டும் என்று மகள் திட்டத்தை மாற்றினாள். கன்னிவாடி, வத்தலக்குண்டு ஆட்களுக்கு ஒரே பஸ். பெரியகுளம் ஆட்களுக்கு ஒரு வேன். அது அடுக்கம் வழியாகக் குறுக்கே ஏறிவிடும், தூரம் பாதிதான். நான் அவருடைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். எதில் வருகிறீர்கள் என்று கேட்டேன். பஸ்ஸில் வருகிறோம் என்று சொன்னவர்களின் பெயரை அவர் எழுதுவதைப் போலவே இடது ஓரத்தில் எழுதினேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த நாட்களில்தான் எனக்குச் சோறு இறங்கியது. அவர் விட்ட வேலையைச் செய்வதாக நினைக்கவில்லை. அவரோடு உட்கார்ந்து செய்கிற மாதிரிதான் இருந்தது.

பூசைக்கு இரண்டு நாள் முன்பு கோடை மழை பிடித்தது. அடுக்கம் பாதையில் பாறை சரிந்து வழியை அடைத்துவிட்டது. பெரியகுளம் வேன் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்றானது. அதற்கே மகள் முகம் வாடிவிட்டது. "ஒரு வேன்தானே, போகட்டும்" என்றேன்.

பூசையன்று காலையில் கொழுந்தன் போன் செய்தார்.

"மதினி, நம்ம பஸ்ஸ அடிவாரத்துச் செக்போஸ்ட்டுல நிப்பாட்டிட்டாங்க. வண்டி நீளம் கூடுதலாம். மேல விட மாட்டாங்களாம்."

"அப்ப கவர்மெண்டு பஸ்ல வாங்க தம்பி."

"சீசன் மதினி, நிக்கக்கூட எடமில்ல. வயசாளுக வேற இருக்காக. ஆளாளுக்குக் காருக்குச் சொல்லியாச்சு, மலையேற வேணுங்குற பாஸப் போன்லயே போட்டுக்கிட்டிருக்காங்க. நீங்க வெசனப்படாதீங்க, வெரசா வந்துருவோம்."

திரும்பிப் போய்விடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. போனில் அவருக்குப் பின்னால் யாரோ ஒரு கிழவி "என்னாங்குறா அவ, என்னாங்குறா?" என்று கேட்பது காதில் விழுந்தது. என் கணவருடைய சின்னம்மா. முழங்கால் மடக்க முடியாதவள். விடியும் முன்பே கிளம்பியிருப்பாள்.

"பாத்து வாங்க தம்பி" என்றேன்.

கோயிலுக்குப் போனால் வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ். அவர் முகத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. கண்ணீர் அஞ்சலி என்று நீல எழுத்து. பள்ளியில் ஃப்ளெக்ஸ் கூடாது என்று அவர் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பார்! மகள் நேராகப் போய், "இதக் கழட்டுங்கண்ணே" என்றாள். கட்டிக்கொண்டிருந்தவர் இங்கே ஆட்டோ ஓட்டுகிறவர். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தேறாமல் மூன்றாம் தடவை என் கணவர் எங்கள் வீட்டில் உட்காரவைத்துப் படிக்கவைத்துத் தேறியவர். கயிற்றைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.

"சார் மொகத்த எல்லாரும் பாக்கணும்ல டீச்சர்?"

அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இருக்கட்டும்" என்றேன். மகள் என்னோடு பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு கார்கள் வர ஆரம்பித்தன. எங்கள் கோயில் பூம்பாறைக்குப் போகும் சாலையோரம், ஏற்றத்தில் இருக்கிறது. சாலையின் இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். சொந்தங்கள் வந்தார்கள், மதுரை, கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் பழைய மாணவர்கள் வந்தார்கள். மாணவர்களில் நான் யாரையும் அழைத்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சிலருக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம் நினைவிருந்தது, சிலருக்கு அவர் வாங்கித் தந்த கண்ணாடி. எல்லாம் உண்மையான அழுகை.

முன்வரிசையில் இரண்டு பெஞ்சுகளைக் கூக்கால்காரர்களுக்கு ஒதுக்கியிருந்தேன். பன்னிரண்டு வருடமாக விடுமுறை நாட்களில் அவர் அங்கேதான் இருப்பார். ஊர்க்காரர்களோடு சேர்ந்து, ஓடையோரம் மண்டிக்கிடந்த சீமை மரங்களை வெட்டிவிட்டு, இந்த மலைக்கே உரிய சோலை மரக் கன்றுகளை வைத்தார். கன்று வளர்த்துக் கொடுத்தவள் ஒரு பெண். என்னைவிடச் சில வயது இளையவள். அவளோடு பதினைந்து பேர் காலைப் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். வழக்கமாக அவர்கள் வரும் பஸ் அது ஒன்றுதான்.

பெஞ்சுகள் காலியாகவே இருந்தன. ஃபாதர் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமாம்மா? பன்னெண்டரைக்கு ஒரு ஞானஸ்நானம் இருக்கு" என்றார். தலையாட்டினேன். பிரசங்கத்தில், கடவுள் படைத்த மண்ணையும் மரத்தையும் இவர் எப்படி நேசித்தார் என்று ஃபாதர் சொன்னார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். எனக்கு ஜன்னல் வழியாகச் சாலை தெரிந்தது. மழை தூறிக்கொண்டிருந்ததால் வாடகைக் கார் டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வரிசையாகப் புகை. பூசை முடியும்வரை நான் செபம் செய்யவில்லை, அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூக்கால்காரர்கள் வந்தார்கள். முழங்கால் வரை சேறு. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்தாள்.

"என்னம்மா, பூசை முடிஞ்சிருச்சா?"

"ஏன் இவ்வளவு நேரம்?"

"பஸ்ஸு வர முடியலம்மா. ரெண்டு பக்கமும் ஒரே காரு. ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தோம், அப்பறம் எறங்கி நடந்தே வந்துட்டோம். ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணம்னு நெனச்சு வஞ்சுக்கிட்டே வந்தோம். கிட்ட வந்து போட்டாவப் பாத்தப்பறந்தான் தெரிஞ்சது, நம்ம சாரு பூசைக்கு வந்த காருன்னு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சாலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சாருக்கு எம்புட்டுச் சனம்மா!" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அப்போது வந்துவிட்டது. எதற்காக அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

ஞானஸ்நானத்துக்கு முன் கிடைத்த ஐந்து நிமிடத்தில் ஃபாதர் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைக்கு வந்து அவர்களுக்காக ஒரு செபம் சொன்னார். நின்றபடியே சாப்பிட்டார்கள். அதற்குள் அவர்களுடைய பஸ் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது என்று தகவல் வந்தது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. கொழுந்தன் பதறிப்போய் என்னிடம் வந்தார்.

"நம்மளாலதான மதினி அவுகளுக்கு இப்பிடி ஆச்சு. நாலு காருல ஏத்திக் கூக்கால்லயே கொண்டுபோயி விட்டுட்டு வரச் சொல்லிரவா?"

கூக்கால் வரை போய், காலியாகத் திரும்பி, மறுபடி மலையிறங்க வேண்டும். கணக்குப் போட எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் காலெல்லாம் சேறு, அதில் இரண்டு பேர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"செய்ங்க தம்பி" என்றேன்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து போன் செய்தான். வருடந்தோறும் சார் நினைவாகச் சுற்றுச்சூழல் கூட்டம் ஒன்று இங்கே நடத்தப் போகிறார்களாம். எங்கெங்கோ இருக்கும் அவருடைய மாணவர்களெல்லாம் விமானம் ஏறி வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.  "உங்களுக்குச் சம்மதந்தானே டீச்சர்?" என்றான். போனிலேயே கூடிப் பேசிக்கொள்ளலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "சார் வாழ்ந்த ஊருக்கு ஒரு தடவையாவது வர வேணாமா?" என்றான்.

 மகள் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்பா" என்றேன்.