தலைவி வீட்டுச் சோதனை

வயோலெத்தி படியேறினால் சட்டிபானைக்கும் நெஞ்சு படபடக்கும் என்று எங்கள் ஊரில் கேலி செய்வோம். சமோவாவின் சவாய் தீவில், எங்கள் ஊர் மாதர் கமிட்டிக்குப் பதினோரு வருடமாக அவள்தான் தலைவி. மாதம் ஒருமுறை கமிட்டிப் பெண்கள் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு வீடு வீடாகச் சோதனை போவார்கள். பாய் உதறியிருக்கிறதா, கழிப்பறை கழுவியிருக்கிறதா, கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறை கண்டால் டின் மீன் அபராதம். கடைசி வீட்டு சலோட்டே கட்டிய டின் மீனை வைத்து ஊருக்கே இரண்டு விருந்து போட்டிருக்கலாம்.

போன வருடம் அக்கம்பக்கத்து ஊர்களில் ஆறு மாதத்தில் மூன்று பிள்ளைகள் தற்கொலையால் போய்விட்டார்கள். மாவட்ட ஆஸ்பத்திரி நர்ஸ் கமிட்டிக்கு வந்து ஒளிவுமறைவில்லாமல் பேசினாள்.

"கொசு வராம இருக்க ஊரே சேர்ந்து வேலை பாக்குறீங்கல்ல? இதுவும் ஊர் வேலைதான். சேப்பந்தோட்டத்துக் களைமருந்த வீட்ல வைக்காதீங்க. கைக்கு எட்டாம இருந்தா அந்தப் பொல்லாத நேரம் கடந்து போயிடும். பேச்ச நிறுத்தின பிள்ளைய நேரடியா கேளுங்க. கேட்டா அந்த நெனப்பு வந்துடும்னு பயப்படாதீங்க. கேட்டாத்தான் சொல்லுவாங்க."

வயோலெத்தி அன்றே கிளம்பிவிட்டாள். ஊரிலுள்ள மருந்து கேன்களையெல்லாம் பிடுங்கி வந்து தன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் பூட்டினாள். சாவியைச் சமையல்கட்டு ஆணியில் மாட்டினாள். அதைவிடப் பத்திரமான இடம் ஏது என்றுதான் நாங்களும் நினைத்தோம். தலைவி வீட்டை யாரும் சோதனை போடுவதில்லை, அது மரியாதைக் குறைவு. அந்த மரியாதையைத் தூக்கி உடைப்பில் போட!

அவள் மகள் லாங்கிக்கு அப்போது பத்தொன்பது வயது. தலைநகர் அப்பியாவில் நர்ஸ் படிப்புக்குப் போய், தேர்வில் தவறித் திரும்பியிருந்தாள். அதை வயோலெத்தி சர்ச் வாசலில் பத்துப் பேர் முன்னால் சொல்லிக் காட்டினாள். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்றேன், எனக்குன்னு வந்து பொறந்திருக்கு பாரு!"

அன்றோடு லாங்கி பேச்சை நிறுத்தினாள். எங்கள் பிள்ளைகள் கோபத்தில் இப்படி ஊமையாவது புதிதல்ல. பசித்தால் தானே பேசுவாள் என்று தாய் விட்டுவிட்டாள். மூன்று வாரம் ஓடிப்போயிற்று. வீட்டுக்கு வீடு போய், "இங்க யாராவது பேசாம இருக்காங்களா?" என்று கேட்டவளும் இவள்தான்.

அந்த மாதச் சோதனை சலோட்டே வீட்டில் முடிந்தது. பானையடியில் கரி, வழக்கம்போல அபராதம். சலோட்டே வழியை விட்டு நகரவில்லை.

"தலைவியம்மா, இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கு."

"எந்த வீடு?"

"உங்க வீடு."

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வயோலெத்திக்குச் சுருக்கென்றது. "கரிப்பானைய வச்சுக்கிட்டு என் வீட்டச் சோதிக்க வர்றியா?"

"பானை கெடக்கட்டும். நேத்தும் முந்தாநேத்தும் உங்க கொட்டகைக் கதவுகிட்ட லாங்கி உக்காந்திருந்தா. கூப்பிட்டேன், திரும்பிக்கூட பாக்கல. அவ பேசி எத்தன நாளாச்சு, சொல்லுங்க பாப்போம்."

வயோலெத்திக்கு ஆணியில் தொங்கும் சாவி நினைவுக்கு வந்தது. அவள் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. அன்று ஓடினாள்.

லாங்கி அடுப்படியில் குந்தியிருந்தாள். சாவி அவள் கைக்குள் இருந்தது. ஊரையே அதட்டும் தாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பின்னாலேயே வந்த சலோட்டேதான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "லாங்கி, செத்துப் போயிடணும்னு நினைக்கிறியா கண்ணு?"

"ஆமா, சித்தி." சாவியை நீட்டினாள். "இத எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு என் மேலயே பயமா இருக்கு."

அப்பாடா! எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியே விடாமல் நர்ஸிடம் கூட்டிப்போனோம். கேன்களும் அன்றே ஊரைவிட்டுப் போய் ஆஸ்பத்திரிப் பூட்டுக்குள் சேர்ந்தன. மூன்று வாரப் பேச்சையும் லாங்கி வண்டியிலேயே பேசித் தீர்த்தாள்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள் வயோலெத்தி.

"நீ கேக்கலயே, அம்மா."

அடுத்த ஞாயிறு அதே சர்ச் வாசலில், அதே பத்துப் பேர் முன்னால் வயோலெத்தி மகளிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து காலையில் கோகோ கொடுக்கும்போதே, "இன்னிக்குச் சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பாள். முதலில் சில நாள், "கொஞ்சம்" என்று பதில் வரும். அன்றைக்கு இருவரும் நர்ஸிடம் போவார்கள். அப்புறம் அந்த நாட்கள் குறைந்தன.

போன வாரம் லாங்கி கோப்பையை டக்கென்று வைத்தாள். "எனக்குச் சாகத் தோணலம்மா. காலங்காத்தால தினம் இதையே கேக்குற உன்னத்தான் கொன்னுடலாம்னு தோணுது!"

வயோலெத்தி செருப்புக்கூடப் போடாமல் கமிட்டிக் கூடத்துக்கு ஓடி வந்து, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சலோட்டேயைக் கட்டிக்கொண்டாள்.

"திட்டிட்டாடி, என் பொண்ணு என்னைத் திட்டிட்டா!"